640 வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய்

உணவகங்களுக்குச் சமையற்கூடச் சாதனங்களைத் தருவித்துப் பொருத்திக் கொடுக்கும் தொழிலை நான் சிங்கப்பூரில் தனியாளாகத் தொடங்கியபோது, அதே சாதனங்களை ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் பதினோரு ஆண்டு விற்ற அனுபவம் எனக்கு இருந்தது. விற்கத் தெரிந்தவனுக்குச் சரக்கை வரவழைக்கவும் தெரிந்திருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பை 2024ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் ஒரே ஒரு இருபதடிக் கொள்கலன் முற்றாகக் கலைத்துவிட்டது. அந்த ஆர்டரில் எனக்கு 7,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) லாபம் வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். தாமதத்தால் நான் கைவிட்டுக் கொடுத்த தொகை 8,590 வெள்ளி. ஆறு வாரம் தூக்கம் கெட்டதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. தொழிலில் மூத்த ஒருவர் அரை மணி நேரம் என் எதிரே உட்கார்ந்து சில கேள்விகளைக் கேட்டிருந்தால் இதில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும் என்பதால், அந்தக் கேள்விகள் எனக்கு எப்படிப் புரிந்தன என்பதை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தைப் பிடித்துச் சைவ உணவகம் தொடங்கவிருந்த ஒரு பெரியவர் என்னிடம் மொத்தச் சமையற்கூடத்தையும் ஒப்படைத்தார். சாய்த்து மாவை எடுக்கக்கூடிய இருபது லிட்டர் கிரைண்டர்கள் மூன்று, இட்லி ஸ்டீமர், தோசைக்கல் அடுப்பு, எவர்சில்வர் வேலைமேசைகள், கழுவுதொட்டிகள், புகைபோக்கிக் கூண்டு எல்லாமே கோயம்புத்தூரில் செய்து வர வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. கோயம்புத்தூர்க் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு என்பதால் நானும் மறுக்கவில்லை. ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும். “தம்பி, ஆனிக்குள்ள பால் காய்ச்சிடணும், ஆடில எங்க வீட்டுல ஒண்ணும் தொடங்க மாட்டோம்” என்று சொல்லி ஜூலை 12, வெள்ளிக்கிழமையை அவர் குறித்துக் கொடுத்தார். உணவக உரிமம் கிடைக்கும் முன் சமையற்கூடம் பார்வையிடப்படும் என்பதால், ஜூலை 8ஆம் தேதிக்குள் நான் எல்லாவற்றையும் பொருத்தி முடிக்க வேண்டும் என்றும், தவறினால் நாளொன்றுக்கு 150 வெள்ளி கழித்துக்கொள்ளலாம் என்றும் ஒப்பந்தத்தில் எழுதினோம். அந்த வரியை எழுதச் சொன்னவனே நான்தான். என் தன்னம்பிக்கை அப்போது அப்படி இருந்தது.

கோயம்புத்தூரிலிருந்து சரக்கைக் கப்பலேற்ற எனக்கு இரண்டு வழிகள் தரப்பட்டன. ஒன்று, ஏறக்குறைய 500 கிலோமீட்டர் சாலையில் சென்னைக்குப் போய், அங்கிருந்து இடையில் கொள்கலன் மாறாமல் சிங்கப்பூர் வரும் கப்பல். மற்றொன்று, அதைவிடக் குறைந்த சாலைத் தொலைவில் தூத்துக்குடிக்குப் போய், அங்கிருந்து சிறு கப்பலில் கொழும்புக்கும், கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறிச் சிங்கப்பூருக்கும் வருவது. இரண்டாம் வழியில் 640 வெள்ளி குறைவு. வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கிக் கப்பல் விட்ட அதே தூத்துக்குடி – கொழும்புத் தடத்தில் என் சரக்கு போகிறது என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொன்னதும் நினைவிருக்கிறது. காகிதத்தில் எல்லாம் அழகாகவே இருந்தது: ஜூன் 3ஆம் தேதி கோயம்புத்தூரில் சரக்கேற்றம், 8ஆம் தேதி தூத்துக்குடியில் கப்பல், 13ஆம் தேதி கொழும்பில் பெரிய கப்பல், 18ஆம் தேதி சிங்கப்பூர். பொருத்துவதற்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன்.

இங்கேதான் நான் தவறினேன். தொலைவையும் பயண நாள்களையும் கூட்டிப் பார்த்தேனே தவிர, சரக்கு எத்தனை இடத்தில் கை மாறுகிறது என்று எண்ணவில்லை. கடலில் ஓடும் கப்பல் பெரும்பாலும் சொன்ன நாளுக்குச் சற்று முன்பின்னாகப் போய்ச் சேர்ந்துவிடும். சாலையில் ஓடும் லாரியும் அப்படியே. நாள்கள் தொலைவது ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குச் சரக்கு மாறும் இடங்களில்தான். சென்னை வழியில் கைமாறும் இடங்கள் நான்கு: தொழிற்சாலை, சென்னைத் துறைமுகம், சிங்கப்பூர்த் துறைமுகம், கடைவீட்டு வாசல். தூத்துக்குடி வழியில் ஐந்து. அந்த ஐந்தாவது இடம் வேறொரு நாட்டில் இருந்தது. அங்கே எனக்கு முகவரும் இல்லை, தொலைபேசியில் அழைத்துக் கேட்க ஓர் ஆளும் இல்லை. 640 வெள்ளியைச் சேமித்ததாக நான் நினைத்தது, அந்த ஒரு கூடுதல் இடத்தின் ஆபத்தை நானே ஏற்றுக்கொண்டதற்குக் கிடைத்த கூலி. கிடைத்த கூலி போதுமா என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை.

ஜூன் 9ஆம் தேதி என் கொள்கலன் கொழும்பில் இறங்கியது. 13ஆம் தேதி ஏற வேண்டிய கப்பல் 17ஆம் தேதி என்றார்கள், பிறகு 20 என்றார்கள்; கடைசியில் 22ஆம் தேதி ஏறியது. காரணத்தைத் தெரிந்துகொள்ள நான் படித்துப் பார்த்தவையெல்லாம் செய்தித்தாளில் மாதக்கணக்காக வந்துகொண்டிருந்தவை. எனக்குச் சம்பந்தமில்லாதது என்று நான் கடந்து போனவை. 2023ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால், ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே ஓடும் பெரிய கப்பல்கள் சூயஸ் கால்வாயைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரத் தொடங்கியிருந்தன. ஒரு சுற்றுக்கு ஒன்றிரண்டு வாரம் கூடியதால் அவற்றின் கால அட்டவணை குலைந்து, வர வேண்டிய நாளில் வராமல் கூட்டமாக வந்து குவிந்தன. பின்தங்கிய கப்பல்கள் நாள்களை மீட்பதற்காக, அடுத்தடுத்த துறைமுகங்களுக்கான கொள்கலன் பெட்டிகளையும் ஒரே இடத்தில் இறக்கிவிட்டுப் போயின. மே மாத இறுதியில் சிங்கப்பூரில் கப்பல்கள் தளம் கிடைக்க இரண்டு மூன்று நாள் காத்திருக்க நேர்ந்ததும், அதைச் சமாளிக்கக் கெப்பல் முனையத்தில் முன்பு கைவிடப்பட்ட தளங்களும் பெட்டி அடுக்கும் இடங்களும் மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவரப்பட்டதும் இந்தச் சமயத்தில்தான். ஏமன் கரைக்கு எதிரே நடப்பது லிட்டில் இந்தியாவின் தேக்காவில் தோசை சுடுவதைத் தள்ளிப்போடும் என்று யார்தான் நினைப்பார்கள்? ஆனால் நினைத்திருக்க வேண்டியது என் வேலை.

இந்த இடத்தில் சிறு வியாபாரிகள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. 2024ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் துறைமுகம் கையாண்ட பெட்டிகள், இருபதடி அளவில் கணக்கிட்டால், 4 கோடியே 11 லட்சம். அவற்றில் மிகப் பெரும்பகுதி ஒரு கப்பலிலிருந்து இறங்கி இன்னொரு கப்பலில் ஏறிப் போய்விடுபவை; இந்தத் தீவுக்குள் வாசல் தாண்டி வருபவை சிறுபகுதியே. அத்தகைய கடலில் என்னுடைய ஒற்றைப் பெட்டிக்காக எந்தக் கப்பல் நிறுவனமும் தன் அட்டவணையை மாற்றாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்யும் என்று தெரிந்தவன் குடை எடுத்துப் போவதைப் போல, நம் பெட்டிக்கு முன்னுரிமை கிடைக்காது என்பதை முதல் நாளே கணக்கில் எடுத்துக்கொண்டு திட்டமிட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஜூன் 27ஆம் தேதி சிங்கப்பூர் வந்துவிடும் என்று புதிய தேதி கிடைத்தவுடன் உபியில் இருக்கும் என் சிறிய அலுவலகத்தில் உட்கார்ந்து லாரி, பொருத்துநர்கள், எரிவாயுக் குழாய் வேலைக்காரர் எல்லாரையும் மீண்டும் ஏற்பாடு செய்தேன். 27 போனது, 28 போனது. கப்பல்களின் இருப்பிடத்தைக் காட்டும் இலவச இணையதளத்தில் என் கப்பலின் பெயரைத் தட்டிப் பார்த்தபோது அது மலாக்கா நீரிணையில் வடக்கே நின்றுகொண்டிருந்தது. ஜூலை 1ஆம் தேதி, திங்கட்கிழமை காலையில், என் சரக்கு முகவர் இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பினார்: இந்தப் பயணத்தில் கப்பல் சிங்கப்பூரைத் தவிர்க்கிறது, சிங்கப்பூர்ப் பெட்டிகள் 29ஆம் தேதியே மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தில் இறக்கப்பட்டுவிட்டன, அங்கிருந்து சிறு கப்பல் கிடைக்கும்போது அனுப்பப்படும். “கிடைக்கும்போது” என்ற சொல்லை நான் எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. மதிய உணவுக்குப் போகாமல் மாலை நான்கு மணிவரை அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவருக்கு அன்று நான் செய்தி சொல்லவில்லை, மறுநாள்தான் சொன்னேன். இந்த அனுபவத்தில் நான் இன்றும் வெட்கப்படுவது அந்த ஒரு நாள் தயக்கத்துக்காகத்தான், ஏனென்றால் அந்த ஒரு நாள் அவரிடம் இருந்திருந்தால் அவர் வேறு ஏற்பாடு செய்திருக்கலாம்.

எனக்கு முன்னால் இரண்டு வாய்ப்புகள் இருந்தன. சிறு கப்பலுக்குக் காத்திருந்தால் செலவு கப்பல் நிறுவனத்துடையது, ஆனால் தேதி யாருக்கும் தெரியாது. கிள்ளானிலேயே பெட்டியை விடுவித்துச் சாலை வழியாகக் கொண்டுவந்தால் தேதி என் கையில், செலவும் என் தலையில். கிள்ளானிலிருந்து சிங்கப்பூரின் மேற்கு எல்லையிலுள்ள துவாஸ் சுமார் 350 கிலோமீட்டர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஓர் இரவுப் பயணம். நான் சாலையைத் தேர்ந்தெடுத்தேன். அந்தத் தேர்வு தவறில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். அதற்குத் தேவையானவற்றை முன்கூட்டியே தயாராக வைத்திராததுதான் தவறு. முதலாவதாக, சேரும் துறைமுகத்தை மாற்ற வேண்டுமானால் கப்பல் நிறுவனம், சரக்குக்கு உரிமை காட்டும் ஆவணமான சரக்குச் சீட்டின் மூன்று அசல் படிகளையும் திருப்பிக் கேட்கும். அவை மூன்றும் கோயம்புத்தூரில் தொழிற்சாலை உரிமையாளரின் மேசை அறையில் இருந்தன, ஏனென்றால் மீதத் தொகையை நான் இன்னும் செலுத்தவில்லை. 2ஆம் தேதி கடன் வாங்கிப் பணத்தை அனுப்பி, 3ஆம் தேதி அவர் அங்கேயே முகவரிடம் சீட்டுகளை ஒப்படைக்க, 4ஆம் தேதி வியாழக்கிழமை பிற்பகலில் மாற்றத்துக்கு ஒப்புதல் வந்தது. சீட்டை முன்பே அசல் இல்லாத முறையில் விடுவிக்கச் சொல்லியிருந்தால் இந்த மூன்று நாளில் இரண்டு மிஞ்சியிருக்கும்.

இரண்டாவதாக, மலேசியாவுக்குள் வரி கட்டாமல் கடந்து மட்டும் போகிற சரக்குக்குக் கே8 என்ற சுங்கப் படிவமும், வழியில் சரக்கு காணாமல் போகாது என்பதற்கு ஈட்டுறுதியும் வேண்டும். அந்த ஈட்டுறுதியை வைத்திருக்கும் முகவர் ஒருவரைக் கிள்ளானில் பிடிக்க வேண்டும். மூன்றாவதாக, மலேசிய லாரி எல்லாவற்றுக்கும் சிங்கப்பூருக்குள் வர அனுமதி கிடையாது. நம் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் சரக்கு வாகன அனுமதி பெற்ற லாரி வேண்டும். எனக்குக் கிடைத்த லாரி நிறுவனத்தின் அந்த அனுமதி லாரிகளைப் பங்கிடும் அலுவலகம், சிங்கப்பூரை ஒட்டிய மலேசிய மாநிலமான ஜோகூரில் இருந்தது. நான்காவதாக, காலிப் பெட்டியைக் கிள்ளானுக்குத் திரும்ப அனுப்பாமல் சிங்கப்பூரிலேயே ஒப்படைக்கக் கப்பல் நிறுவனம் சம்மதிக்க வேண்டும். அதற்கும் ஒரு கட்டணம். இவை ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒரு நாள் வேலைதான். ஒன்றன் பின் ஒன்றாகச் செய்ததால் வாரமாகிவிட்டது.

அந்த வாரத்தை இன்னும் நீட்டியது நான் கனவிலும் நினைக்காத ஒன்று: வார விடுமுறை. 2024ஆம் ஆண்டில் ஜோகூருக்கு வெள்ளி, சனி விடுமுறை. கிள்ளான் இருக்கும் சிலாங்கூருக்குச் சனி, ஞாயிறு. ஜூலை 5 வெள்ளிக்கிழமை கிள்ளான் முகவர் எல்லாக் காகிதத்தோடும் தயாராக இருந்தார், ஜோகூர் அலுவலகம் பூட்டியிருந்தது. சனிக்கிழமை இரண்டும் பூட்டியிருந்தன. 7ஆம் தேதி ஞாயிறு இஸ்லாமியப் புத்தாண்டான அவால் முஹர்ரம், மலேசியா முழுவதும் விடுமுறை. அது ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால் திங்கட்கிழமை சிலாங்கூரில் மாற்று விடுமுறை; அன்று ஜோகூர் வேலை செய்தது, கிள்ளான் செய்யவில்லை. ஆக நான்கு நாள், இரண்டு அலுவலகமும் ஒரே நேரத்தில் திறந்திருந்த ஒரு மணி நேரம்கூட இல்லை. துறைமுகமும் சோதனைச் சாவடியும் நாள் முழுவதும் இயங்கிக்கொண்டுதான் இருந்தன. கையெழுத்துப் போட வேண்டிய ஆள்தான் இல்லை. வட்டாரத்தில் சரக்கை நகர்த்துகிறவர்கள் வரைபடத்தைவிட நாள்காட்டியை அதிகம் பார்க்க வேண்டும் என்று எனக்குப் புரிந்தது அந்தத் திங்கட்கிழமைதான். 2025 ஜனவரி 1 முதல் ஜோகூரும் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறிவிட்டதால் இந்தக் குறிப்பிட்ட சிக்கல் இப்போது இல்லை. ஆனாலும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் பொது விடுமுறைகள் மலேசியாவில் இன்றும் உண்டு.

செவ்வாய் இரவு லாரி கிளம்பியது. உட்லண்ட்ஸ் கடற்பாலத்தைவிடத் துவாஸ் இரண்டாம் இணைப்பு சரக்கு லாரிக்கு ஏற்றது என்பதால் அந்த வழியைச் சொல்லியிருந்தேன். புதன்கிழமை விடிகாலை ஐந்து மணி நாற்பது நிமிடத்துக்கு ஓட்டுநர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். கிள்ளானைச் சேர்ந்த தமிழ் இளைஞர், இரவு முழுவதும் ஓட்டியும் குரலில் சோர்வில்லை. “அண்ணே, உங்க பெர்மிட்டுல சீல் நம்பர் நடுவுல ‘ஓ’ எழுத்து போட்டிருக்கு, ஆனா பெட்டியில இருக்கிற சீல்ல அது சைபர். உள்ள விட மாட்டேங்கிறாங்க.” கிள்ளானில் யாரோ கைப்பேசியில் எடுத்து அனுப்பிய மங்கலான படத்தைப் பார்த்து சிங்கப்பூர் இறக்குமதி அனுமதியான பெர்மிட்டுக்காக அந்த எண்ணை முகவருக்குத் தட்டி அனுப்பியவன் நான்தான். முகவரின் அலுவலகம் ஒன்பது மணிக்குத் திறந்து, திருத்தம் அனுப்பி, ஒப்புதல் வந்து, பெட்டி விடுபட்டபோது பிற்பகல் இரண்டு நாற்பது. ஒன்பது மணி நேரம். துவாஸில் ஒரு கிடங்கு வாசலில் வாடகைக்குப் பிடித்த இரண்டு லாரியும் நான்கு ஆள்களும் அதுவரை சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அந்த இளைஞர் என்னை ஒரு சொல்லும் சொல்லாமல், “பரவால்லண்ணே, நான் தூங்கிட்டேன்” என்றது எனக்கு இன்னும் கூச்சத்தைக் கொடுத்தது. சீல் எண்ணைப் படத்திலிருந்து படிக்காதீர்கள்; பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறவரைத் தொலைபேசியில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்லி எழுதுங்கள்.

பெர்மிட்டில் இன்னொரு பாடமும் இருந்தது. முன்யோசனைக்காரன் என்று காட்டிக்கொள்ள ஜூன் 14ஆம் தேதியே, கப்பல் வழி இறக்குமதி என்று குறிப்பிட்டு முதல் பெர்மிட்டை எடுத்துவிட்டேன். சரக்கின் விலை, காப்புறுதி, கப்பல் கூலி சேர்ந்த மதிப்பு 46,000 வெள்ளி. அதில் 9 விழுக்காடு பொருள் சேவை வரி 4,140 வெள்ளி போய்விட்டது. சரக்கு சாலை வழியாக வந்ததால் அது செல்லாமல் போய், புதிய பெர்மிட்டுக்கு மறுபடியும் வரி கட்டினேன். முதல் தொகை திரும்பி வந்தது, ஆனால் நான் விண்ணப்பத்தில் விட்ட குறைகளால் ஏழு வாரம் ஆனது. ஒரு சிறு தொழிலில் ஏழு வாரம் நாலாயிரம் வெள்ளி முடங்குவது என்ன என்று சம்பளம் கொடுக்கிறவர்களுக்குத் தெரியும். கப்பல் நம் நீரெல்லைக்கு அருகில் வந்துவிட்டது உறுதியாகும் முன் வரி கட்டாதீர்கள்.

வியாழக்கிழமை காலையில் கடைவீட்டு வாசலில் சரக்கு இறங்கியது. இழுவை லாரி அந்தத் தெருவுக்குள் திரும்பாது என்பது மட்டும் எனக்கு முன்பே தெரிந்திருந்தது. அதனால்தான் துவாஸில் பிரித்துப் பின்பலகை தானே இறங்கும் பதினான்கடி லாரிகளில் மாற்றினோம். ஐந்தடி நடைபாதையின் தூண்களுக்கு இடையே கிரைண்டர் நுழைய இரண்டு விரல் இடம்தான் இருந்தது. பலகைப் பெட்டியை உடைத்தபோது கல் ஆடாமலிருக்கத் திணித்திருந்த செய்தித்தாள்கள் உதிர்ந்தன. தேர்தல் முடிவு வருவதற்கு முந்தைய வாரத்துத் தமிழ்த் தினசரி, யார் ஜெயிப்பார்கள் என்ற கணிப்புகளோடு. அதைப் பெரியவர் எடுத்து மடித்து வைத்துக்கொண்டார். மறுநாள் குறித்த நேரத்தில் பால் காய்ச்சினார்கள். நான் உள்ளூரில் கடை விலைக்கு வாங்கிவந்த இரண்டு சிறிய கிரைண்டர்களில் அரைத்த மாவில் பூசைக்கு இட்லி வார்த்தார்கள். பொருத்தும் வேலை 25ஆம் தேதி முடிந்து, கல்லாப்பெட்டி திறந்தது 29ஆம் தேதி.

பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். துறைமுக மாற்றக் கட்டணம் 450, கிள்ளானில் பெட்டி கிடந்ததற்கும் கையாண்டதற்கும் 780, சாலைப் பயணம் 2,350, கே8 முகவரும் ஈட்டுறுதியும் 600, காலிப் பெட்டி ஒப்படைப்பு 300, புதிய பெர்மிட்டும் திருத்தமும் 120, காத்திருந்த லாரிகளும் ஆள்களும் 540, அவசரத்துக்கு வாங்கிப் பிறகு குறைந்த விலைக்கு விற்ற கிரைண்டர்களால் 900. கடைசியாகப் பதினேழு நாள் தாமதத்துக்கு 2,550. காப்புறுதி இருக்கிறதே என்று ஆறுதல் அடைந்திருந்தேன். கடல் சரக்குக் காப்புறுதி உடைந்ததற்கும் நனைந்ததற்கும் பணம் தரும், தாமதத்தால் ஏற்படும் இழப்பை அது வெளிப்படையாகவே விலக்கிவைக்கிறது. பத்திரத்தை அன்றுதான் முழுதாகப் படித்தேன். கப்பல் நிறுவனத்திடம் முறையிட்டபோது, துறைமுகத்தைத் தவிர்க்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்று சரக்குச் சீட்டின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். பொடி எழுத்தில் அது அங்கே இருக்கத்தான் செய்தது.

இப்போது ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு தாளில் கடைவாசலிலிருந்து பின்னோக்கி எழுதுகிறேன். முதல் வரி பொருத்தி முடிக்கும் நாள், கடைசி வரி தொழிற்சாலையில் சரக்கேற்றும் நாள். ஒவ்வொரு கைமாறும் இடத்துக்கும் எதிரே மூன்று குறிப்புகள்: அங்கே எழுந்து தொலைபேசியை எடுக்கும் ஆள் யார், அந்த ஊர் எந்த நாள்களில் பூட்டியிருக்கும், அங்கே தடைப்பட்டால் வேறு வழிக்கு என்ன செலவு. மூன்றாவது குறிப்புக்கு ஆர்டரை ஏற்பதற்கு முன்பே விலை கேட்டு வாங்கிவிடுகிறேன். நெருக்கடியில் கேட்கும் விலைக்கும் நிதானத்தில் கேட்கும் விலைக்கும் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி வித்தியாசம் இருப்பதைப் பார்த்துவிட்டேன். கையிருப்பு நாள்களை முழுப் பயணத்துக்கும் மொத்தமாகச் சேர்க்காமல் கைமாறும் இடத்துக்கு ஏற்பப் பிரித்துப் போடுகிறேன்: இடையில் கப்பல் மாறும் வழியென்றால் அந்த ஓர் இடத்துக்கு மட்டும் பத்து நாள். அப்படிப் போட்ட பிறகும் தூத்துக்குடி வழி மலிவாக இருந்தால் தயங்காமல் அதையே எடுக்கிறேன். அவசரமில்லாத சரக்குக்கு அது நல்ல வழிதான். எது இல்லாவிட்டால் கடை திறக்க முடியாதோ அதை மொத்தக் கொள்கலனில் போடாமல் தனியாக முன்கூட்டியே அனுப்பச் சொல்கிறேன். ஒப்பந்தத்தில் தாமதக் கழிவு இருந்தால், அந்த நாள்கள் பெட்டி துறைமுக வாசலைத் தாண்டிய பிறகுதான் எண்ணப்பட வேண்டும் என்று எழுதுகிறேன்; இதற்கு ஒப்புக்கொள்ளாத வாடிக்கையாளரை இதுவரை ஒருவரைத்தான் பார்த்தேன்.

சிங்கப்பூருக்குள்ளேயும் ஒரு மாற்றத்தைக் கவனித்து வருகிறேன். 2022 செப்டம்பரில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட துவாஸ் துறைமுகத்துக்கு, தஞ்சோங் பகார், கெப்பல், பிரானி முனையங்களின் வேலை 2027க்குள் இடம்பெயர வேண்டும். நகரத்தின் வாசலில் இறங்கிக்கொண்டிருந்த பெட்டி இனித் தீவின் மேற்குக் கோடியில் இறங்கும். லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருப்பவருக்கு லாரிக் கூலியும் ஆயர் ராஜா விரைவுச்சாலையின் காலை நெரிசலும் கணக்கில் கூடும்; கிடங்கை ஜூரோங் பக்கம் பார்க்க வேண்டுமா என்றும் யோசிக்க வேண்டியிருக்கும். பழைய கூலியை வைத்து அடுத்த ஆண்டுக்கு விலை கொடுக்கிறவர்கள் முகவரிடம் எந்த முனையம் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

பெரியவரின் உணவகம் நன்றாக நடக்கிறது. கழிவுத் தொகையில் ஒரு காசும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை, ஆனால் நான் போனால் காப்பிக்குப் பணம் வாங்குவதில்லை. சென்ற ஆண்டு ஜோகூர் பாருவில் இரண்டாம் கிளைக்கு இடம் பிடித்தார்; சமையற்கூட வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் மாலை என்னை வரச் சொல்லி, அந்த நிறுவனம் கொடுத்திருந்த பயண அட்டவணையை என் பக்கம் தள்ளி, “தம்பி, இதுல கொழும்பு இருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க” என்றார். இரண்டாம் பக்கத்தில், மூன்றாவது வரியில் இருந்தது.